சன்னாசிக்குக் கிடைத்த புலமைப்பரிசில்

பலாங்கொடையில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் எங்கள் பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ‘சப்ரகமுவ தோட்ட மாணவர் உயர்கல்விப் புலமைப்பரிசில் தேடல் மற்றும் வென்றெடுத்தல் வழிகாட்டல் நிலையம்.’ பலகை கடையை விட நீளம். கடைசி இரண்டு சொற்களும் பக்கத்துப் பேக்கரியின் தலைக்கு மேல் போய் நின்றன. அதனால் ஊரில் பாதிப் பேர் பேக்கரிக்குப் பெயர் வழிகாட்டல் நிலையம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாண் கிடைத்தது. மேல்மாடிக்கு ஏறி வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கதை.

நான் நிலாம். அந்த நிலையத்தின் வேன் சாரதி. சாரதிக்குக் கருத்து இருக்கக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பணிப்பாளர் சொல்லிவிட்டார். அதனால் இதில் வருவது ஒன்றும் என் கருத்தல்ல. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தபோது தெரிந்தது, கதவு திறந்திருந்தபோது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

போர்நிறுத்தம் கையெழுத்தாகிச் சமாதானம் வந்த அடுத்த வருடம், 2003. வெளிநாட்டுக் காசு மழை மாதிரிப் பெய்த காலம். எங்கள் மேல்மாடியிலும் கொஞ்சம் ஒழுகியது. வேன் வந்தது, குளிரூட்டி வந்தது, ஒரு பெரிய பித்தளைக் குத்துவிளக்கு வந்தது. நிலையம் தொடங்கி மூன்று வருடமாகியும் ஒரு பிள்ளைக்குக்கூடப் புலமைப்பரிசில் மட்டும் வரவில்லை. பணிப்பாளர் அதற்கு விளக்கம் வைத்திருந்தார். எல்லாத் தோட்டப் பள்ளிக்கூடத்திலும் அதைச் சொன்னார்.

“நாங்கள் மீன் கொடுப்பவர்கள் அல்லர். தூண்டில் கொடுப்பவர்களும் அல்லர். மீன் என்று ஒன்று இருக்கிறது என்னும் விழிப்புணர்வைக் கொடுப்பவர்கள். பசித்தவனுக்கு முதலில் வேண்டியது விழிப்புணர்வு!”

பிள்ளைகள் கைதட்டுவார்கள். தட்டாவிட்டால் மத்தியானச் சோற்றுப் பார்சல் தாமதமாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு வேனில் ஒரு தனி சீட். பட்டி போட்டுக் கட்டி வைப்போம். மழையில் நனைந்துகொண்டு நடக்கிற பிள்ளைகளை ஏற்றலாமா என்று ஒருநாள் கேட்டேன். “விளக்குக்கு இடம் போதாது” என்றார் பணிப்பாளர். தோட்டத்து மலைக்காற்றில் விளக்கு நின்று எரிந்ததே இல்லை. ஐந்து திரியையும் ஐந்து பிரமுகர்கள் ஏற்றி முடிப்பதற்குள் முதல் திரி அணையும். மறுபடி முதல் பிரமுகர் வருவார். இப்படியே சோற்று நேரம் வந்துவிடும்.

குருவிட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் நடந்த கருத்தரங்கில்தான் தர்மிளாவை முதலில் பார்த்தேன். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு, அதாவது கம்பஸுக்குத் தெரிவான முதல் பிள்ளை. அப்பா சன்னாசி, இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா இருளாயியும் பால் வெட்டுதான். கம்பஸ் தொடங்க இரண்டு மாதம் இருந்தது. தங்க இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றுக்கும் வழி வேண்டும். புலமைப்பரிசில் கிடைத்தால் கம்பஸ். கிடைக்காவிட்டால் விடியற்காலைப் பிரட்டு. பிரட்டு என்றால் தெரியும்தானே, தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். அவளுக்கு இருந்தது இந்த இரண்டு வழிதான். நடுவில் ஒன்றும் இல்லை.

அவள் எழுந்து நின்று, “சார், எத்தன பேருக்குங்க குடுப்பீங்க?” என்று கேட்டாள்.

“அருமையான கேள்வி!” என்றார் பணிப்பாளர். “கேள்வி கேட்கிற துணிவு வந்துவிட்டதே, அதுவே உனக்குக் கிடைத்த முதல் புலமைப்பரிசில். உட்கார் மகளே.”

அவள் உட்கார்ந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாரதிக்குக் கருத்து இல்லை என்பதால் போய் டயரைப் பார்த்தேன்.

அந்த மாதக் கடைசியில் காசு கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து பெக்ஸில் ஒரு கடிதம் வந்தது. ஒரு மாணவருக்காவது புலமைப்பரிசில் கொடுத்துக் காட்டாவிட்டால் அடுத்த வருடக் காசு நின்றுவிடும். மேல்மாடியில் எல்லாருக்கும் முகம் செத்துப்போயிற்று. மூன்று வருடமாக மீனைப் பற்றிப் பேசியவர்களிடம் யாரோ மீன் கேட்டுவிட்டார்கள்.

எங்கள் இணைப்பாளர் ஜாபிர் சேர் நல்ல மனிசன். பலாங்கொடைக்காரர், பயந்த சுபாவம். அவர்தான் தர்மிளாவின் விண்ணப்பத்தைக் கொழும்பிலிருந்த தெரிவுச் சபைக்கு அனுப்பினார். விண்ணப்பப் படிவம் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தது. ‘முதற் பெயர்’ என்று ஒரு கட்டம், ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம். பள்ளிக்கூட இடாப்பிலும் அடையாள அட்டையிலும் அவள் சன்னாசி தர்மிளா. முதலில் வருகிற பெயர் சன்னாசி. கடைசியில் வருகிற பெயர் தர்மிளா. அவள் படித்த பிள்ளை. கேட்டதற்குச் சரியாக எழுதினாள்.

கொழும்புக் கம்பியூட்டருக்கு முதற் பெயர்தான் ஆள். கடைசிப் பெயர் குடும்பம். சன்னாசி என்னும் மாணவி, பாதுகாவலர் தர்மிளா என்று அது முடிவு செய்தது. சபை கூடி, தேநீர் குடித்து, சன்னாசியை ஏகமனதாகத் தெரிவு செய்தது.

நேர்முகத்துக்கு இரண்டு பேரும் மேல்மாடிக்கு வந்தார்கள். ஜாபிர் சேர் கடிதத்தைப் பார்த்தார், சன்னாசியைப் பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார்.

“சார், படிக்கிறது நானுங்க. இவுரு எங்கப்பா” என்றாள் தர்மிளா.

“வெளங்குது மகள். ஆனா மாத்த ஏலாது. சபை பாஸ் பண்ணின பேர். திருத்துறதுன்டா சபை திரும்பக் கூடணும். சபை கூடுறதுக்குக் காசு வரணும். காசு வாறதுக்கு மொதல்ல ஒரு புள்ளையாவது நேர்முகம், பயிற்சி எல்லாம் முடிச்சிக் காட்டணும்.”

“அப்ப?”

“வாப்பா போய்ட்டு வரட்டும். பொறகு திருத்துவோம்.”

ஐம்பத்திரண்டு வயதுவரை சன்னாசியை யாரும் எதற்கும் தெரிவு செய்ததில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். மகள் பாதுகாவலர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருந்தது.

பணிப்பாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “முழுப் பெயர்?”

“இன்னைக்கு முழுப்பேரு எங்கங்க சார்?” என்றார் சன்னாசி. “வெட்டிப்போட்டுட்டு பால் எடுக்காமலே வந்துட்டேன். கணக்கப்பிள்ளை அரைப்பேருதான் போடுவாரு.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. வேலை முடித்தால் முழுப்பேர், பாதியில் வந்தால் அரைப்பேர். இது குருவிட்டையில் கைக்குழந்தைக்கும் தெரியும். பணிப்பாளர் பேனாவை எடுத்து, ‘பெயர்: சன்னாசி. மாணவர் அரைப்பெயரே உடையவர்’ என்று எழுதிக்கொண்டார்.

“எதிர்கால இலட்சியம்?”

“மகள் கம்பஸ் போகணுங்க.”

“திருமணமே ஆகவில்லை, அதற்குள் மகளா?” கோப்பில் பிறந்த வருடம் எண்பத்து நான்கு என்று இருந்தது. அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். ‘வறுமையினால் தோற்றத்தில் முதிர்ச்சி’ என்று எழுதினார். பிறகு பாதுகாவலர் பக்கம் திரும்பினார். “பிள்ளை வீட்டில் ஒழுங்காகப் படிக்கிறதா?”

தர்மிளா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “வெள்ளனயே எந்திரிச்சிருவாருங்க” என்றாள்.

“மிக நல்லது. கெட்ட சகவாசம் ஏதும்?”

“சம்பளத்தன்னைக்கு மட்டும் கொஞ்சம்.”

நேர்முகத்தில் சன்னாசி சித்தியடைந்தார்.

இறங்கிப் போகும்போது பணிப்பாளர் ஒரு விதியையும் சொல்லி அனுப்பினார். புலமைப்பரிசில் கையில் வருமுன் கம்பஸில் பதியக்கூடாது. உதவி இல்லாமலே பதிய முடிந்தவர் வறியவர் அல்லர். வறியவர் அல்லாதவருக்குப் புலமைப்பரிசில் இல்லை. தர்மிளா தலையாட்டினாள். அப்போது அந்த விதியில் எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று அவர்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டபோது இருளாயி அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்றாள். நடந்ததைக் கேட்டதும் என் வேனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் நிலாம் நானா, எம்புள்ளயப் படிக்க வைங்கன்னு சொன்னா எம்புருசனப் படிக்க வைக்கிறீங்களே, ஒங்க ஆபீசுல ஒருத்தருக்காச்சும் கண்ணு அவியாம இருக்கா? இந்தாளுக்கு ஒண்ணாங்கிளாசுல சிலேட்டுத் தொலைஞ்சப்பவே படிப்புத் தொலைஞ்சிருச்சு!”

“சும்மா இருடி” என்றார் சன்னாசி. “சார் சொல்றாங்க. நான் முடிச்சாத்தான் புள்ளைக்குக் கெடைக்கும்.”

வேனைப் பின்னுக்கு எடுத்தேன்.

பயிற்சி முகாம் வரக்காப்பொலைக்குப் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் நடந்தது. பெயர், ‘தலைமைத்துவமும் ஆளுமையும்’. தெரிவான மாணவர் ஒருவர். பயிற்றுவிக்க வந்தவர்கள் ஏழு பேர். கோப்பில் பெண் என்று இருந்ததால் சன்னாசிக்குப் பெண்கள் விடுதியில் கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். பாதுகாவலருக்கு இடமே இல்லை. கடைசியில் தர்மிளா அந்தக் கட்டிலில் படுத்தாள், சன்னாசி என்னுடன் வேனில் படுத்தார். விளக்கு அதன் சீட்டில் இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ் ‘கட்டிளமைப் பருவம்’ என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். எழுதிக் கொண்டுவந்த தாளை விட்டு அவர் கண் அசையவில்லை.

“இந்த வயதில் உடம்பில் மாற்றங்கள் ஏற்படும். வெட்கப்படாமல் சொல்லுங்கள்.”

“ஆமாங்க மிஸ்” என்றார் சன்னாசி. “முழங்காலு ரெண்டும். படி ஏறேலாது.”

“மனம் அலைபாயும். காதல் என்று யாராவது பின்னால் வருவார்கள். ஏமாந்துவிடக்கூடாது.”

“வரமாட்டாங்க மிஸ்.”

பிறகு கண்ணைக் கட்டி அவரைப் பின்பக்கமாக விழச் சொன்னார்கள். பின்னால் நிற்கிறவர்கள் பிடிப்பார்கள், அதனால் சமுதாயத்தில் நம்பிக்கை வளரும். சன்னாசி மறுபேச்சில்லாமல் விழுந்தார். பின்னால் நிற்க வேண்டிய இரண்டு பயிற்றுநர்களும் தேநீருக்குப் போயிருந்தார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, “சரிங்களா சார்?” என்று கேட்டார். சரி என்றார்கள். நான் போய் வேன் கண்ணாடியைத் துடைத்தேன்.

தர்மிளா சாளரத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பாதுகாவலர் உள்ளே வரக்கூடாது. மிஸ் சொன்ன எல்லாவற்றையும் அவள்தான் எழுதிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். “பழகிருச்சு நானா” என்றாள்.

முகாம் முடிந்ததும் ஜாபிர் சேருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவளை மாடிக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

“மகள், புதுசா ஒரு விண்ணப்பம் போடுவம். இந்த முறை ஒங்கட பேர முன்னுக்குப் போடுங்க. தர்மிளா சன்னாசி. கொழும்புக்காரனுகள் முன்னுக்கு இரிக்கிறதத்தான் ஆளெண்டு எடுப்பானுகள். வேலை முடிஞ்சி.”

அவள் அப்படியே எழுதினாள். ஜாபிர் சேர் அதைத் தன் கையாலேயே தபாலில் போட்டுவிட்டு வந்து, மூன்று வருடத்தில் முதல்முறையாக எனக்கு ஒரு கோப்பை பிளேன்டி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை போய்விடுவாள் என்று நானும் நம்பினேன். உண்மையாகவே நம்பினேன்.

அதே வாரத்தில் பணிப்பாளருக்கும் ஒரு யோசனை தோன்றியிருந்தது. நடந்த தவறு அவர் காதுக்கு எட்டிவிட்டது. அவர் கொழும்புக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார். ‘தோட்டத் தமிழரின் பண்பாட்டை மதித்து அறிவிப்பதாவது: இம்மக்களிடையே முன்னால் வருவது தந்தை பெயர், பின்னால் வருவதே பிள்ளையின் பெயர். இனிமேல் எல்லா விண்ணப்பங்களும் இம்முறைப்படியே வாசிக்கப்படும்.’

கம்பியூட்டர் தர்மிளா சன்னாசியை முறைப்படி வாசித்தது. தந்தை தர்மிளா. பிள்ளை சன்னாசி.

சபை சன்னாசியை இரண்டாம் தடவையும் ஏகமனதாகத் தெரிவு செய்தது. ஒரே மாணவர் தொடர்ந்து இருமுறை தெரிவானது நிலையத்தின் வரலாற்றில் சாதனை என்று அறிக்கையில் எழுதினார்கள். ஜாபிர் சேர் இரண்டு நாள் காய்ச்சலென்று லீவு போட்டார்.

கம்பஸில் பதிய அடுத்து வந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். பரிசளிப்பு விழா புதனென்று இருந்தது. பிரதம விருந்தினருக்கு வேறொரு விழாவில் விளக்கேற்ற வேண்டியிருந்ததால் எங்கள் விழா ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. இருளாயியின் தோடு எப்போதோ அடகுக்கடைக்குப் போய்விட்டது, பதியக் கையில் வேறு காசில்லை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தர்மிளா எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். நாலு மணிக்கு எழுந்து, “வாரேன் நானா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விழா இரத்தினபுரியில் ஒரு மண்டபத்தில். காற்று இல்லாததால் விளக்கு எரிந்தது. மேடையில் கதவளவு அட்டைக் காசோலை. மாணவர் சன்னாசி என்று கூப்பிட்டார்கள். எண்ணெய் வைத்துத் தலை சீவி, இரவல் காற்சட்டையுடன் சன்னாசி ஏறினார். பிரதம விருந்தினர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் சன்னாசியைப் பார்த்தார். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை அந்த மனிதர். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“கல்விக்கு வயதில்லை! பாருங்கள், இந்த நரைமுடி மாணவரை! இவரைக் கண்டெடுத்தது யார்? நாங்கள். மூன்று வருடமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நாங்கள் நிராகரித்தது ஏன்? இவருக்காகத்தான்! கொடுத்துவிட்டால் பரிசிலுக்கு மதிப்பில்லை, நண்பர்களே. கொடுக்காமல் காத்ததால்தான் இந்த நிலையத்துக்கு மதிப்பு!”

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. சன்னாசி அட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கணக்காளர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, கம்பஸில் பதிந்த சான்றைக் காட்டினால் உண்மையான காசோலை தருவதாகச் சொன்னார்.

“பதியக்கூடாதுன்னு சொன்னாங்களே சார்?” என்றாள் தர்மிளா.

“ஆமா. காசோலைக்கு முந்திப் பதிஞ்சா பரிசில் ரத்து.”

“பதியாட்டி?”

“பதியாட்டி காசோலை இல்ல.”

“அப்ப எப்பங்க சார் பதிஞ்சிருக்கணும்?”

கணக்காளர் உண்மையிலேயே யோசித்தார். “நீங்க யாரு?” என்று கேட்டார்.

“பாதுகாவலர்” என்றாள்.

“மாணவர வரச் சொல்லுங்க.”

அட்டைக் காசோலை வேனுக்குள் போகவில்லை. மேலே கட்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். மழையில் எழுத்துக் கரைந்தது, அட்டை நல்ல அட்டை. ஒரே அறையான லயத்துக் காம்பராவில் குறுக்காக நிறுத்தி, தர்மிளா உடுத்திக்கொள்ள ஒரு மறைப்பு ஆக்கினார்கள். நிலையம் அவர்களுக்குக் கொடுத்த ஒரே உருப்படியான பொருள் அதுதான். வெளிநாட்டுக் காசு அடுத்த வருடமும் தவறாமல் வந்தது.

வந்ததும் பணிப்பாளர் புதுக் கருத்தரங்கு ஒன்று தொடங்கினார். தலைப்பு, ‘நான் எப்படி வென்றேன்’. பேச வரும் வளவாளர் சன்னாசி. அவரைக் கூட்டிவர விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போனேன். அவர் அதே இரவல் காற்சட்டையில் பிரட்டுக்களத்தின் ஓரமாக நின்றார். வந்து விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நானா, இன்னைக்கும் பின்னாடி விழச் சொல்லுவாங்களா?”

“இல்ல. பேசச் சொல்லுவாங்க.”

“என்னான்னு பேசுறது?”

“முகாமுல அவங்க சொன்னதையே சொல்லுங்க.”

“அதெல்லாம் புள்ளதான் எழுதி வச்சிருந்துச்சு” என்றார்.

களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் தர்மிளா, இடுப்பில் சாக்கைக் கட்டி, கையில் வாளியோடு. என்னைக் கண்டு பக்கத்தில் வந்தாள். எப்படிம்மா இருக்கிறாய் என்று கேட்கத்தான் நினைத்தேன். “சாப்பிட்டியா?” என்றேன்.

“ஆச்சு நானா. அப்பாவுக்கு அங்க சோத்துப் பார்சல் குடுப்பாங்கதானே?”

“குடுப்பாங்க.”

கணக்கப்பிள்ளை வந்து பேர்ப் பதிவுப் புத்தகமான செக்றோலை விரித்தார். அவர் படித்தது ஏழாம் வகுப்பு. விண்ணப்பம் கேட்டதில்லை, சுற்றறிக்கை படித்ததில்லை.

“சன்னாசி மக தர்மிளா!”

“ஆமாங்க” என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் வரிசையில் நின்றாள். அவர் குறித்துக்கொண்டார். ஒரே தடவைதான் கூப்பிட்டார்.

நான் வேனைத் திருப்பும்போது அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “அப்பா, பயப்படாம பேசுங்க. எனக்கு இன்னைக்கு முழுப்பேரு விழுந்திரும்.”